எட்டுத் தடவை மாடிப்படி

கிளிசரின் போட்டால் கண் மட்டும்தான் அழும், மூக்கு அழாது என்று அக்கா சொல்வாள். டிவியில் கறுப்பு வெள்ளைப் படம் ஓடிக்கொண்டிருக்கும். கதாநாயகி தூணைப் பிடித்துக்கொண்டு அழுவாள். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைப்பாள். அக்கா தையல் மெஷினைக் கையால் சுற்றிக்கொண்டே, "மூக்கப் பாரும்மா, காஞ்சி கீது" என்பாள்.

"நீ ஒருத்தி. நிம்மதியா அழக்கூட வுட மாட்ட" என்று அம்மா எழுந்து போய்விடுவாள்.

அக்கா போய் நாலு மாசம் ஆகிறது. காரியத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் அழுதார்கள். நான் ஒவ்வொருத்தர் மூக்காகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தப்புதான். அவளோடு இருந்து பழகினவனுக்கு வேறு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

நான் எட்டாவதோடு நின்றவன். வேன் ஓட்டுகிறேன். அணுபுரம் குவார்ட்டர்ஸ் பிள்ளைகளைக் காலையில் பள்ளிக்கூடத்தில் விட்டு, சாயந்திரம் கொண்டுவந்து சேர்ப்பது என் வேலை. வீடு திருக்கழுக்குன்றம் பக்கம். வீட்டில் அம்மா, அக்கா, நான், மூன்றே பேர். அக்கா என்னைவிட ஒன்பது வயசு மூத்தவள். சின்ன வயசில் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்து மூட்டில் இறங்கியது. மூட்டு சரியாகிவிட்டது. ஆனால் அது நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. வால்வு சுருங்கிவிட்டது என்றார்கள். வேகமாக நடந்தால் மூச்சு வாங்கும். குடம் தூக்க முடியாது. தையல் மெஷினைக் காலால் மிதிக்க முடியாது என்றுதான் கையால் சுற்றுகிற மெஷின். அதில் அணுபுரம் அம்மாக்களுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுப்பாள். தைக்கிற நேரம் முழுக்க டிவி ஓட வேண்டும். பழைய படமாக இருக்க வேண்டும்.

எல்லா நடிகைகளையும் அவளுக்குத் தெரியும். ஆனால் பைத்தியம் ஒருத்தர் மேல்தான். அந்த அம்மா கொஞ்ச காலம் கதாநாயகியாக நடித்தவர். அப்புறம் அக்காவாக, அண்ணியாக, அம்மாவாக நடித்துக்கொண்டே இருந்தார். அக்கா அவர் பேரைச் சொல்லவே மாட்டாள். "அவங்க" என்றுதான் சொல்வாள். திரையில் அவங்க வந்தால் மெஷின் நின்றுவிடும். அடுப்படியில் இருக்கிற அம்மாவுக்கு அந்தச் சத்தம் நின்றதிலேயே தெரியும். "வந்துட்டாளா உன் ஆளு" என்று அங்கிருந்தே கேட்பாள். அவங்க போன பிறகுதான் மறுபடி கடகடவென்று கேட்கும்.

நான் சின்னவனாக இருந்தபோது செங்கல்பட்டில் ஒரு தியேட்டரில் காலைக் காட்சிக்குப் பழைய படம் போடுவார்கள். 'புத்தம் புதிய காப்பி' என்று போஸ்டரில் கொட்டை எழுத்தில் இருக்கும். உள்ளே போனால் திரை முழுக்கக் கோடு கோடாக ஓடும். "புதுக் காப்பிலயே இப்படி மழ பேயுதே, பழைய காப்பில வெள்ளமே வந்துரும் போலகீது" என்று அக்கா சத்தமாகவே சொல்வாள். முன்னால் உட்கார்ந்திருக்கிற ஆள் திரும்பி முறைப்பார். பால்கனிக்குப் படி ஏற முடியாது என்பதால் நாங்கள் எப்போதும் கீழேதான். அவள் கதையைப் பார்க்க மாட்டாள். ஆளைப் பார்ப்பாள். கை எங்கே இருக்கிறது, கழுத்து எப்போது திரும்புகிறது, வசனம் முடிந்த பிறகு முகம் என்ன செய்கிறது. "பேசும்போது எல்லாரும் நடிப்பாங்கடா. பேசி முடிச்சப்பறம் நடிக்கறது அவங்க ஒருத்தங்கதான்" என்பாள்.

இப்படிப் பார்த்துப் பார்த்து, அவளிடம் யாரும் பொய் சொல்ல முடியாமல் போய்விட்டது. வீட்டில் அது ஒரு தொந்தரவு. எட்டாவதில் கணக்குப் பரீட்சை அன்றைக்கு எனக்கு வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டேன். அம்மா ஓமத்தண்ணி எடுக்கப் போனாள். அக்கா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "வயிறு வலிக்கறவன் கால மடக்குவான். நீ கால நீட்டிகினு கீற. எழுந்துரு" என்றாள்.

அவளைப் பெண் பார்க்க ஒரே ஒரு தடவை வந்தார்கள். ஊரப்பாக்கத்து மாப்பிள்ளை. நெஞ்சு வியாதி உண்டு என்று அம்மா முதலிலேயே சொல்லிவிட்டாள். மாப்பிள்ளை, "ஒடம்புன்னா வரும் போகும். மனசுதாங்க முக்கியம்" என்றார். எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அவர்கள் போன பிறகு அக்கா, "வாணாம்" என்றாள்.

"இன்னாடி வாணாம்? தங்கமா பேசறான்" என்றாள் அம்மா.

"வசனம் பேசறான்மா. என்னெப் பாத்து சொல்லல. அவங்க அம்மாவப் பாத்து சொன்னான், சரியா சொல்லிட்டனான்னு."

அம்மா ரெண்டு நாள் அக்காவோடு பேசவில்லை. அக்கா சொன்னது சரியா தப்பா என்று எங்களுக்குக் கடைசி வரை தெரியாது. அந்த மாப்பிள்ளை நல்லவராகவும் இருந்திருக்கலாம். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஒரு மாதிரி இருக்கும்.

சுனாமிக்கு அடுத்த வருஷம் அக்காவால் படுத்துத் தூங்க முடியாமல் போனது. மூன்று தலையணை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவாள். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இந்த வருஷத்துக்குள் வால்வை மாற்றியாக வேண்டும், இல்லையென்றால் அடுத்த வருஷம் பார்க்க வேண்டியதில்லை என்றார். மெட்ராஸில் ஒரு ஆஸ்பத்திரியில் செய்வதாகப் பேச்சு. அக்கா மாட்டேன் என்றுவிட்டாள். எங்கள் பக்கத்துத் தெருக்காரர் ஒருத்தர் இதே மாதிரி போய்த் திரும்பி வரவில்லை. "நெஞ்ச தொறந்து பாத்து இன்னா எடுக்கப் போறானுங்க. நான் இப்படியே கீறேன்" என்பாள். அம்மா அழுதாள், நான் சண்டை போட்டேன், சாமி முன்னால் பூ கட்டிப் பார்த்தோம். பூ நல்லபடி வந்தது. "பூவா அறுத்துக்கப் போகுது?" என்றாள்.

அப்போதுதான் அக்காவிடம் ஜாக்கெட் தைத்துக்கொள்கிற அணுபுரத்து டீச்சரம்மா கொடுத்த வாரப் பத்திரிகையில் அது வந்தது. அவங்களுக்கும் வால்வு ஆபரேஷன் நடந்திருக்கிறது, இப்போது சீரியலில் நடிக்கிறார் என்று படத்தோடு போட்டிருந்தார்கள். அக்கா அதை நாலு தடவை படித்தாள்.

"பத்திரிகைக்காரன் எழுதுவான். நான் கண்ணால பாக்கணும்" என்றாள்.

எங்கள் தெருவுக்குக் கேபிள் விடுகிற சேகர் என்னோடு படித்தவன். அவன் விசாரித்துச் சொன்னான். நெம்மேலி தாண்டிக் கடலோரத்தில் ஒரு பங்களாவில் அந்த சீரியல் ஷூட்டிங் நடக்கிறது. பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு அதே வேனில் அக்காவை அழைத்துப் போனேன். காம்பவுண்டுக்கு வெளியே இருபது முப்பது பேர் நின்றார்கள். மணலில் பத்தடி நடந்ததற்கே அக்காவுக்கு மூச்சு வாங்கி, வேன் படியிலேயே உட்கார்ந்துகொண்டாள். அங்கிருந்து பங்களாவின் வெளிப்பக்க மாடிப்படி நன்றாகத் தெரிந்தது.

அவங்க கையில் காப்பித் தட்டோடு படி ஏற வேண்டும். அவ்வளவுதான் ஷாட். ஆனால் ஒரு தடவை வெயில் மறைந்தது. ஒரு தடவை மேலே நிற்கிற பெண் வசனத்தை மறந்தது. ஒரு தடவை காக்கை கத்தியது. அவங்க மறுபடி மறுபடி கீழே இறங்கி ஏறினார். கூட்டம் ஏறுவதைப் பார்த்தது. அக்கா மட்டும், 'கட்' என்று கத்தின பிறகு அவர் என்ன செய்கிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரியும், ஏனென்றால் நான் அக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வண்டி திருப்பினபோது சொன்னாள். "எட்டு தபாடா. எட்டு தபா மாடி ஏறினாங்க. கட்டு சொன்னப்பறம் எவளும் நடிக்க மாட்டா. அப்பவும் மூச்சு வாங்கல. சிரிச்சிகினு தண்ணி கேட்டாங்க."

நான் வண்டியை ரோட்டில் ஏற்றினேன்.

"டாக்டரு கிட்ட தேதி கேளு" என்றாள்.

தேதி கிடைத்தது. அதற்கு அஞ்சு நாள் முன்னால், பிள்ளைகளை இறக்கிவிட்டு டீ குடிக்க நின்றேன். கடையில் எல்லோரும் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவங்க படம். கீழே எழுத்து ஓடியது. உடல்நலக் குறைவால் காலமானார்.

டீயைக் கீழே வைத்துவிட்டு நேராக சேகர் வீட்டுக்குப் போனேன். அவன் பல் விளக்கிக்கொண்டிருந்தான்.

"எங்க வூட்டு ஒயர புடுங்கு மச்சான். இப்பவே."

அவனும் செய்தியைப் பார்த்திருந்தான். விஷயம் புரிந்தது. "ஒயர புடுங்கினா அக்கா எனக்குத்தான்டா போன் அடிக்கும். இன்னாடா சேகரு, ஏன்டா சேகருன்னு. நான் உளறிடுவேன். பேஜாராயிடும். எல்லா சேனலையும் கட் பண்ணிட்டு நம்ம லோக்கல் சேனல மட்டும் வுடறேன். ரிப்பேருன்னு சொல்லிக்க. அதுல நியூஸே வராது."

அது நல்ல யோசனையாகப் பட்டது. வீட்டுக்குப் போய் அம்மாவைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டுச் சொன்னேன். அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

"தெரிஞ்சா வர மாட்டா நைனா. செத்தாலும் வர மாட்டா."

"தெரியக் கூடாது. நீ சாதாரணமா இரு."

"எனக்கு எங்க நைனா நடிக்கத் தெரியும்? அவ என் மூஞ்சப் பாத்தாளே போதுமே."

"அப்போ மூஞ்ச காட்டாத. அடுப்பாண்டையே இரு."

உள்ளே போனேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. டிவியிலும் படம் ஓடிக்கொண்டிருந்தது. அவங்க நடித்த பழைய படம். எனக்கு ஒரு நிமிஷம் உயிரே போய்விட்டது. அப்புறம்தான் தெரிந்தது, அது லோக்கல் சேனல். மற்ற சேனலை நிறுத்திவிட்டோமே, அக்காவுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சேகரே எங்கிருந்தோ சிடி வாங்கிவந்து போட்டிருக்கிறான். அன்றைக்கு மட்டும் மூன்று படம் போட்டான். மூன்றும் அவங்க படம். நல்ல மனசுக்காரன் என்று நினைத்தேன்.

மூன்று படம் முடிகிற வரை மெஷின் நிற்கவே இல்லை. அதையும் கவனித்தேன். போவதற்குள் துணியை முடித்துக் கொடுக்கிற அவசரம் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் டீச்சரம்மா ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். அவர் மதுரைப் பக்கம். படபடவென்று பேசுவார். ஜாக்கெட் வாங்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தவர், "கேட்டியா, உன் ஆளு" என்று ஆரம்பித்தார்.

நான் கையிலிருந்த தண்ணிச் சொம்பை அப்படியே கீழே விட்டேன். அது உருண்டு போய் மெஷினில் முட்டி நின்றது. டீச்சரம்மா என்னைப் பார்த்தார். நான் தலையை அசைக்கக்கூட இல்லை. முகத்தில் என்ன இருந்ததோ தெரியாது.

"உன் ஆளு, அதான் உன் டாக்டர், நல்ல கைராசிக்காரராம்ல. எங்க ஸ்கூல்ல ஒருத்தங்க சொன்னாங்க" என்றார். அவருக்குப் புரிந்துவிட்டது.

அக்கா சொம்பை எடுத்து நிமிர்த்தி வைத்தாள். என்னைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். "ஆமாங்க மேடம், அப்படித்தான் சொல்றாங்க" என்றாள். அப்புறம் என்னிடம், "இன்னாடா, கையில எண்ணெயா? போய் தொட" என்றாள். அவ்வளவுதான். நான் வெளியே வந்து வேன் பின்னால் நின்று மூச்சு விட்டேன்.

மெட்ராஸ் போகிற அன்றைக்கு எனக்குப் பயமே சுவர்களைப் பார்த்துத்தான். செங்கல்பட்டிலிருந்து வழியெல்லாம் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். அக்காவை உள்பக்கமாக உட்கார வைத்து, ஜன்னலில் ஒரு துண்டைக் கட்டினேன். "வெயிலு" என்றேன். வெயில் அந்தப் பக்கம் இல்லை. அவள், "தூக்கமா வருதுடா. ஆஸ்பத்திரி வந்தா எழுப்பு" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாள். நெஞ்சு உயர்ந்து உயர்ந்து இறங்கிக்கொண்டிருந்தது. உட்கார்ந்தபடி வழி முழுக்கத் தூங்கினாள். சாமி நம் பக்கம் இருக்கிறது என்று நினைத்தேன்.

ஆபரேஷன் அன்றைக்குக் காலையில் அம்மா மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு கீழே போனாள். அக்காவுக்குப் பச்சைத் துணி போட்டு, வளையலைக் கழற்றியிருந்தார்கள்.

"மூணு படம் போட்டானே சேகரு. சிடிய எங்க புடிச்சான்?" என்றாள்.

நான் சுவரைப் பார்த்தேன்.

"அஞ்சு வருஷமா கேபிள் வுடறான். ஒரு நாளு கறுப்பு வெள்ள போட்டு கீறானா? படம் ரிலீஸான அன்னிக்கே திருட்டு சிடி போடறவன். அவன் ஒரே நாள்ல அவங்க படமா போட்டா எனக்குத் தெரியாதாடா?"

"அக்கா..."

"அழாத. அம்மா வந்துரும்."

"தெரிஞ்சிகினா இத்தினி நாளு கம்முனு இருந்த? வண்டில தூங்கினியே."

"நீ ஜன்னல்ல துண்டு கட்டிகினு கீற. முழிச்சிகினு வந்தா உனக்கு வண்டி ஓட்ட முடியுமா?"

அவள் சிரித்தாள். எனக்குப் பயமாக இருந்தது அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான்.

"என்ன ஏமாத்திட்டாங்கடா. அன்னிக்கு மாடி ஏறினாங்களே, மூச்ச அடக்கிகினு இருந்து கீறாங்க. நெஞ்சு கிழிஞ்சிருக்கும். கட்டு சொன்னப்பறமும் அடக்கிகினு, சிரிச்சிகினு தண்ணி கேட்டாங்க பாரு. நான் கண்டுபுடிக்கல. இத்தினி வருசம் பாத்துட்டு கண்டுபுடிக்கல." திட்டுகிற மாதிரி இல்லை. ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டும் என்கிற மாதிரி சொன்னாள்.

"வூட்டுக்குப் போய்ட்லாம்க்கா. நான் டாக்டரு கிட்ட சொல்றேன்."

"அம்மா மூஞ்சப் பாத்தியா? வூட்ல இருந்த வரைக்கும் அடுப்ப விட்டு நவுரல. அதுக்கு நடிக்கவே வரல, ஆனா நடிச்சிகினு கீது. இத்தோட திரும்பிப் போனா அது எனக்கு முன்னால போய்ரும்."

"பயமா இல்லியா?"

"கீது. கைய குடு."

கொடுத்தேன். அவள் கை ஜில்லென்று ஈரமாக இருந்தது. அம்மா வருகிற செருப்புச் சத்தம் கேட்டதும் கையை எடுத்துக்கொண்டாள். "அம்மா கிட்ட சொல்லாத. நல்லா மறச்சிட்டோம்னு நெனச்சிகினு இருக்கட்டும்" என்றாள். அம்மா உள்ளே வந்ததும், "இன்னாம்மா, மருந்து வாங்கப் போனியா, ஊரச் சுத்திட்டு வந்தியா?" என்றாள். தள்ளிக்கொண்டு போனார்கள்.

அஞ்சு மணி நேரம் ஆனது. அக்கா பிழைத்துவிட்டாள்.

அப்புறம் நாலு வருஷம் இருந்தாள். அது பொய்யில்லை, நல்லபடியாக இருந்தாள். உள்ளே வைத்தது இரும்பு வால்வு. பக்கத்தில் உட்கார்ந்தால் கடிகாரம் மாதிரி சத்தம் கேட்கும். படுத்துத் தூங்கினாள். மலைக்கோயில் படியில் பாதி வரை ஏறினாள். கை மெஷினுக்குக் கால் பெடல் போட்டுக்கொண்டாள். தினமும் ஒரு மாத்திரை உண்டு. ரத்தம் கட்டாமல் இருக்கிறதா என்று பார்க்க மாசத்துக்கு ஒரு தடவை செங்கல்பட்டு போய் ரத்தம் கொடுக்க வேண்டும். அதைப் பொறுத்து மாத்திரையைக் கூட்டிக் குறைப்பார்கள். முதல் ரெண்டு வருஷம் நான்தான் கூட்டிப் போனேன். அப்புறம், "உனக்கு எதுக்கு வண்டி லீவு, நான் பஸ்ஸுல போய்ட்டு வரேன்" என்றாள். மாசா மாசம் சாயந்திரம் கேட்பேன். "போய்ட்டு வந்தேன்டா. நல்லா கீதாம்" என்பாள். கூட்டம் எவ்வளவு, ஊசி போடுகிற பொண்ணு புதுசாக மூக்குத்தி போட்டிருக்கிறது, எல்லாம் சொல்வாள்.

அவள் போன பிறகு அந்த ரத்தப் பரிசோதனை நோட்டை எடுத்துப் பார்த்தேன். கடைசி எட்டு மாசம் ஒன்றுமே எழுதியிருக்கவில்லை. ஏன் போகவில்லை என்று எனக்குத் தெரியாது. பஸ்ஸில் நிற்க முடியவில்லையா, ஊசி குத்திக் குத்தி வெறுத்துப் போச்சா, மறுபடி நெஞ்சைத் திறக்கச் சொல்வார்கள் என்று பயமா. அம்மாவைக் கேட்டால், "போறன்னுட்டு போவாளே நைனா" என்கிறாள். போய் எங்கே உட்கார்ந்துவிட்டு வந்தாளோ.

அக்காவுக்கு நடிக்கத் தெரியும் என்று இந்த ஊரில் எனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரியும். ஆஸ்பத்திரியில் என் கண் முன்னால் செய்து காட்டினாள். அதைப் பார்த்தவன்தான் மாசா மாசம் அந்த மூக்குத்திக் கதையை நம்பினேன்.

கடைசி நாள் காலையில் அவள் நாஸ்தா சாப்பிடவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாக்கா, மூச்சு வாங்குதா?" என்று கேட்டேன். கேட்கத்தான் செய்தேன்.

"வாசல் பெருக்கினேன்டா, வேற இன்னா. போ, புள்ளைங்க நின்னுகினு இருக்கும்."

வண்டியை எடுத்தேன். கண்ணாடியில் பார்த்தேன். நிலையை விட்டுவிட்டு வாசலில் நேராக நின்று கையை ஆட்டினாள். தெருமுனை வருகிற வரை நான் பார்த்துக்கொண்டே போனேன், அவள் ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

வண்டி திரும்பி மறைந்ததும் அப்படியே தரையில் குந்திவிட்டாள் என்று அம்மா அப்புறம் சொன்னாள்.